சொந்தமா என்று கேட்ட டாக்டரம்மா

டாக்டர் வத்சலா இறந்துபோன செய்திக்கு நான் கைதட்டினேன்.

பால் சொசைட்டியில் காலைப் பால் அளந்து முடிகிற நேரம். போனில், வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்து விழுந்தது. டாக்டரம்மாவின் முகம், சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே மலையாளத்தில் கொட்டை எழுத்து. கேரள எல்லைக்குள் இருக்கிற எருத்தேன்பதியிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு மலையாளம் பேசத்தான் வரும். படிப்பது பஸ் போர்டோடு சரி. கண்ணாடியும் கையில் இல்லை. பூவைப் பார்த்ததும், ‘அப்பாடா, கடைசியில் இந்த அம்மாவுக்கு எவனோ ஒரு விருது கொடுத்துவிட்டான்’ என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குழுவில் எங்களைப் போன்ற நோயாளிக் குடும்பங்கள் எல்லாம் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் முந்திக்கொண்டு, மூன்று கைதட்டும் பொம்மையையும் ஒரு பூங்கொத்தையும் அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கோயமுத்தூரில் காலேஜில் படிக்கிற மகள் சிந்து கூப்பிட்டாள்.

“அப்பா, மொதல்ல அதை அழிங்கப்பா.”

“எதை, கண்ணு?”

“கைதட்டியிருக்கீங்களே, அதைத்தான்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “நம்ம டாக்டரம்மா செத்துப்போய்ட்டாங்கப்பா.”

எனக்கு அழிக்கவும் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் தடவி அழித்து முடிப்பதற்குள், என் கைதட்டலுக்கு ஒருத்தர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அவரும் என் ஜாதிதான் போலிருக்கிறது. கண்ணாடி போடாத ஜாதி.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு நெஞ்சடைப்பாம். ஓய்வுபெறும் வயதுகூட ஆகவில்லை.

எங்கள் ஊர் வாசகசாலை மலரில் டாக்டரம்மாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். அதிலும் கணக்கில் மட்டும்தான் பாஸ். ஆனாலும் அவரை அறியாதவர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டுமென்றால், என் முட்டாள்தனத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவரே பலமுறை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

பால் சோதிப்பது என் தொழில். ஊற்ற வருகிறவர் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். “ஏனுங்க ஆறுச்சாமி, உங்க கண்ணென்ன கண்ணா, எக்ஸ்ரேயா?” என்று கேட்பார்கள். அந்தக் கண்ணுக்கு, சொந்த வீட்டில் நடந்தது தெரியவில்லை.

என் மூத்தவன் கோகுலுக்குப் பதினோரு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், இறங்கியது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. நோட்டில் எழுத்து, கோழி கிளறினதுபோல ஆகிவிட்டது. சோம்பேறி என்றார்கள் பள்ளிக்கூடத்தில். பேச்சு குழறியது. சோறு தின்னும்போது வாயோரம் வழிந்தது. தொட்டதற்கெல்லாம் கோபம். நரம்பு டாக்டரிடம் காட்டினோம். மனநோய் டாக்டரிடம் காட்டினோம். மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். கோயமுத்தூர், திருச்சூர் என்று போகாத ஊரில்லை. போன இடமெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டி, “டாக்டரைப் பாருங்க” என்பார்கள். டாக்டர் போய்விட்டிருப்பார். நானும் என் மனைவி சரசும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்போம். பால் சீட்டில் கொழுப்பு குறைந்தால் விலை குறையும், அது எனக்குத் தெரியும். இந்தத் தாளில் எது குறைந்தால் எங்களுக்கு என்ன குறையும் என்று சொல்ல ஆளில்லை.

எல்லா இடத்திலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். “புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்தமா?”

“இல்லீங்க” என்பேன். அவர்களும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், டவுனில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் வத்சலா என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், என்ன நோய் என்று தெரியாமல் அலைகிறவர்களைப் புதன்கிழமைகளில் பார்க்கிறார் என்று சொன்னார்கள். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், அந்தத் தமிழுக்கு மலையாளக் கரை போட்டிருக்கும். துணிமூட்டை போட்டுவைத்திருந்த அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் போட்டுவைத்திருந்தார். அந்த அறையில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்: “இதுக்குக் கதவு உண்டு, கேட்டோ!” நோயைப் பற்றி வராந்தாவில் நிற்கவைத்துப் பேசக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

கோகுலின் கையை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதே கேள்வி. “நீங்க ரெண்டு பேரும் சொந்தமாணோ?”

“இல்லீங்க. நாங்க வேற கூட்டமுங்க” என்றேன்.

மற்ற இடங்களில் “இல்லீங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கு என்னவோ, கூட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எழுதப் போனவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“கூட்டம்னா?”

“குலமுங்க. எங்க அப்பன் கூட்டம் எனக்கு. அவங்க அப்பன் கூட்டம் அவளுக்கு. ஒரே கூட்டத்துல நாங்க கட்ட மாட்டமுங்க. அது பங்காளி, அண்ணந்தங்கச்சி மாதிரி.”

“செரி” என்றவர், சரசு பக்கம் திரும்பினார். “உங்க அம்மா எந்த வீட்ல பொறந்தாங்க?”

சரசு என்னைப் பார்த்தாள். “இவங்க ஊட்டுல தானுங்க.”

“எவங்க வீட்ல?”

“இவங்க ஊட்டுலதானுங்க. இவங்க அப்பனும் எங்கம்மாளும் ஒண்ணாப் பொறந்தவங்க.”

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “கூடப்பொறந்த ரெண்டு பேரோட பிள்ளைங்க கல்யாணம் பண்ணிட்டு, சொந்தமே இல்லைங்கறீங்களா?”

“அது சொந்தமில்லீங்க, மொறைங்க” என்றேன் நான், ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிற தோரணையில். “அத்தை மகள் மொறை. சொந்தம்னா பங்காளிதானுங்க!”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கோகுலும் சிரித்தான், அவன் சிரித்து நாங்கள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

“இதுவரைக்கும் எத்தனை டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கீங்க?”

“கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொன்னனுங்க.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “நீங்க சொன்னது உங்க கணக்குக்குச் சரிதான், அண்ணா. நாங்க கேட்டதுதான் சரியில்லை” என்றார்.

அன்றைக்கே கோகுலை இருட்டறைக்கு அழைத்துப்போய், மெல்லிய வெளிச்சத்தைக் கண்ணில் விட்டுப் பார்க்கவைத்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருக்கிறதாம். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க அவன் பெய்கிற மூத்திரத்தை ஒரு சொட்டு விடாமல் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி, ஒரு பெரிய கேனைக் கொடுத்தார். நான் அதைச் சொசைட்டிப் பையில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டு, “மோருங்களா? லிட்டர் எப்படிங்க?” என்றார். “விக்கறதுக்கில்லீங்க, வேண்டுதலுங்க” என்றேன். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நான் பார்க்க அவர் கடைசியாக அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முடிவு வந்ததும் போனில் சொல்லவில்லை. குடும்பத்தோடு வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் உட்காரவைத்தார், எல்லோருக்கும் டீ சொன்னார். டீ குடித்து முடிகிற வரைக்கும் ஊர்க்கதை பேசினார். அப்புறம்தான் நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். நாம் தின்கிற சோற்றில், காய்கறியில் எல்லாம் துளித்துளி செம்பு இருக்கிறது. வேண்டாததை உடம்பு வெளியே தள்ளிவிடும். கோகுலின் உடம்புக்குத் தள்ளத் தெரியவில்லை. அது ஈரலில் சேர்ந்து, அங்கே நிரம்பி, மூளைக்கும் கண்ணுக்கும் போய்விட்டது.

சரசு எழுந்து நின்றுவிட்டாள். “எங்கம்மா சீராக் குடுத்தது செம்புக் கொடமுங்க. அதுலதான் நான் தண்ணி வெப்பேன். நாந்தான் எம்பையனுக்கு…”

“இல்லம்மா, இல்ல.” டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “குடம் இல்லம்மா காரணம். இனி அந்தத் தண்ணி வேண்டாம், அது வேற. ஆனா காரணம் அது இல்ல. அப்பா பக்கத்துல இருந்து பாதி, அம்மா பக்கத்துல இருந்து பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த நோய் வரும். நீங்க ஒருத்தர் மட்டும் குடுத்தது இல்ல. ரெண்டு பேருக்குமே தெரியாம குடுத்தது.”

“மருந்து இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“உண்டு” என்றார். முகத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை. “சீக்கிரம் பிடிச்சா மாத்திரை போதும். வாழ்க்கை பூரா சாப்பிடணும், அவ்வளவுதான். கல்யாணம் பண்ணலாம், வேலைக்குப் போகலாம். ஆனா கோகுலுக்கு…” அவர் நிறுத்தினார். எங்களுக்காகப் பொய்யாக ஒரு வாக்கியத்தை முடித்துவைக்கலாம். அதைச் செய்யவில்லை. “நோக்காம்” என்றார் மெதுவாக. பார்ப்போம் என்று அர்த்தம்.

பிறகு மூலையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயசு சிந்துவைப் பார்த்தார். “இவளையும் இன்னிக்கே பார்க்கணும்.”

“இவளுக்கு ஒண்ணுமில்லீங்களே, நல்லா ஓடியாடிட்டிருக்கறாளுங்க!”

“அதனாலதான், அண்ணா.”

சிந்துவுக்கும் இருந்தது. ஈரலில் மட்டும், அதுவும் ஆரம்பத்தில். இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். மறந்தால் என்னை விடச் சத்தமாக அவள் அம்மா கத்துவாள். சிந்து பிழைத்தாள்.

கோகுல் பிழைக்கவில்லை. மாத்திரை ஆரம்பித்ததும் நடுக்கம் கூடியது. அப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் ஈரல் கைவிட்டது. மாற்று ஈரல் வைப்பது பற்றிப் பெரிய ஊரில் பேச்சு நடந்தது. பேச்சு முடிவதற்குள் எங்கள் பையன் முடிந்துவிட்டான். பதினாறு வயது. கடைசி மாதங்களில் அவனுக்குப் பேச்சே இல்லை. வாயைத் துடைத்துவிட்டால் கண்ணால் மட்டும் சிரிப்பான். அந்தக் கண்ணில் வளையம் இருப்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது?

காரியம் முடிந்த பிறகு டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். சரசு கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கோகுலின் படத்துக்கு முன்னால் நின்றார். “ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் கிட்டியிருந்தா…” என்றார்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “ஆறுச்சாமியண்ணா, புதன்கிழமை ஒரு மணிக்கூர் வர முடியுமா? எங்க ஆளுங்க கேட்டா யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. கேள்வியை மாத்திட்டேன். அம்மா பொறந்த வீடு எது, சீர் எங்கிருந்து வந்தது, எல்லாம் கேக்கறோம். ஆனா ஆஸ்பத்திரில கேட்டாலே ஜனங்க பயந்துக்கறாங்க. நீங்க சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சா உண்மை வரும்.”

அப்படித்தான் நான் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பெற்றேன். சம்பளம் ஒரு டீ. புதன்கிழமை பெஞ்சில் காத்திருக்கிற குடும்பங்களிடம் போய் உட்காருவேன். “நாங்கூட வேற கூட்டமுன்னுதான் சொன்னனுங்க” என்று ஆரம்பிப்பேன். மோர்க் கேன் கதையும் உண்டு. கொழிஞ்சாம்பாறைக்காரர், நல்லேப்பிள்ளிக்காரர் என்று எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குகிற இடத்தில் யாராவது ஒரு பொம்பளை புருஷனை இடித்து, “அப்ப நம்மளுதும் சொந்தம்னுதான் சொல்லணுமாட்ட இருக்குதுங்க மாமா” என்பாள். எனக்கு ‘வேற கூட்டத்தண்ணன்’ என்றே பேராகிவிட்டது. என் கதையைக் கேட்டு உள்ளே போய் மாற்றிச் சொன்னவர்களின் பிள்ளைகள் சிலருக்கு நோயை நேரத்திலேயே கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது பைக் ஓட்டுகிறார்கள்.

ஒரு புதன்கிழமை எல்லோரும் போன பிறகு டாக்டரம்மா கேட்டார். “அண்ணா, வாராவாரம் இதைச் சொல்றது கஷ்டமா இருக்கா? மதி, போதும். நிறுத்திக்கலாம்.”

“அட, சிரிக்கறாங்களேங்க. சும்மாவா சொல்றேன், ஒரு டீ கிடைக்குதில்லீங்களா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கதையில் எல்லோரும் சிரிக்கிற இடம் எது, என் பையனின் இரண்டு வருஷம் போன இடம் எது என்று தெரிந்தவர் அங்கே அவர் ஒருத்தர்தான். இரண்டும் ஒரே இடம்.

பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதன்கிழமை நின்றது. கதவுள்ள அறைக்குள் உடைந்த கட்டில்கள் போயின. குடும்பத்தை அலையவிடாமல் ரத்தத்தை மட்டும் தூர ஊருக்கு அனுப்பிப் பார்க்கிற ஏற்பாட்டையும் அவர்தான் கொண்டுவந்திருந்தார். அதுவும் நாளடைவில் நின்றுபோயிற்று. மறுபடியும் அவரவர் தாளைத் தூக்கிக்கொண்டு அவரவர் பஸ் ஏற வேண்டியதுதான்.

போன மழைக்காலத்தில் சிந்துவின் மாத்திரைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி. கூட ஒரு சின்னப் பெண், கண் மஞ்சளாக, ஒரு பன்னை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கை ஆடியதால் இன்னொரு கையும் வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த, வேலைக்குப் புதிதாக வந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்டது: “சொந்தத்துல கல்யாணமா?”

“இல்லீங்க. வேற கூட்டமுங்க” என்றான் அவன்.

அந்தப் பெண் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.

“ஏனுங் தம்பி, உங்க ஊட்டுக்காரியோட அம்மா பொறந்த ஊடு எதுங்க?” என்று நான் இடையில் புகுந்தேன்.

“அதையெல்லாம் நீங்க எதுக்குங்க கேக்கறீங்க?” என்று முறைத்தான். நியாயம்தானே? அவன் பெண்டாட்டியின் அம்மாவைப் பற்றி நான் யார் கேட்க? காவலுக்கு நின்றவர் வந்து, “சேட்டா, வரிசையில் நில்லு” என்று தோளைத் தொட்டார். டாக்டரம்மாவின் பேரைச் சொன்னேன். அந்தக் கவுன்ட்டர் பெண்ணுக்கு அப்படி ஒருவரைத் தெரியவில்லை. நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியபோது, அவர்களைக் காணோம். எந்தப் பஸ் என்று யாருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டார். “எந்த ஊர்க்காரங்க, அண்ணா?”

“தெரியலீங்களே.”

“பேரு?”

“தெரியலீங்க.”

ஒரு பெருமூச்சு. “விசாரிக்கலாம். நான் அடுத்த லீவுக்கு வந்து அவங்ககிட்ட பேசறேன். விடக்கூடாது, கேட்டோ.”

அவரிடம் நான் பேசியது அதுதான் கடைசி. அந்த லீவு வரவில்லை. அந்தக் குழந்தை இப்போது எந்த ஊரில், எந்தக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறதோ, தெரியவில்லை. கேள்வியைத் திருத்திக் கேட்கத் தெரிந்தவர் போய்விட்டார். பதிலைத் தப்பாகச் சொல்கிற நாங்கள் மட்டும் நிறையப் பேர் இருக்கிறோம்.

சாவுச் செய்தி வந்த அன்று மத்தியானமே நானும் சரசும் ஒற்றப்பாலம் பக்கம் உள்ள அவர் வீட்டுக்குப் போனோம். வழியில் ஒரு கடையில் இறங்கி, கோடி வேட்டி ஒன்று வாங்கினேன். இறந்தவர் மேல் புதுத்துணி போடுகிற வழக்கம் எங்கள் பக்கமும் உண்டு, அவர்கள் பக்கமும் உண்டு. சரசு கேட்டாள்: “நாம போடலாமுங்களா மாமா? மொறை வேணுமல்லங்க?”

“போய்ப் பாத்துக்கலாம் வா” என்றேன்.

முற்றம் நிறைய ஜனம். வாழையிலை மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி இல்லாத முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தூக்கத்தில் யாரோ கேள்வி கேட்டு, பதிலுக்கு யோசிக்கிற மாதிரி புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது. கோடி போட வருகிறவர்களை மட்டும் முன்னால் வரச் சொன்னார்கள். டாக்டரம்மாவின் தம்பி, அழுது வீங்கிய முகத்தோடு ஒவ்வொருவராக விலக்கிவிட்டுக்கொண்டு வந்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பந்துவாணோ?” என்று கேட்டார். சொந்தக்காரரா என்று.

“இல்லீங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மரியாதையாகக் கையைக் காட்டி, எங்களை மற்றவர்கள் நின்ற வரிசையில் விட்டார். வரிசையோடு போனோம். கும்பிட்டோம். சரசு அவர் காலைத் தொட்டாள். பின்னால் இருந்தவர்கள் தள்ள, வெளியே வந்துவிட்டோம். கோடி வேட்டி பையிலேயே இருந்தது. இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

அவர் உயிரோடு இருந்திருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேள்வியை எனக்காக வேறு மாதிரி கேட்டிருப்பார். கேட்க அவர் எழுந்திருக்கவில்லை. நானும் அந்த முற்றத்தில் சத்தமாகச் சொல்லவில்லை:

ஆமாங்க. சொந்தமுங்க.